பயம் காது வழியாகத்தான் வருகிறது

ஸ்டாப் மோஷன் படம் எடுக்கிற இடத்தில் மைக்குக்கு வேலை கிடையாது. பொம்மையை மயிரிழை நகர்த்தி, கையை விலக்கி, ஒரு ஃப்ரேம் எடுத்து, மறுபடி நகர்த்த வேண்டும். விநாடிக்கு 24 ஃப்ரேம். ஒவ்வொரு நிலையையும் இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினாலும் விநாடிக்கு 12 தடவை கை வைத்தாக வேண்டும். அந்த நேரத்தில் அறையில் மைக் வைத்தால் கிடைப்பது எடுப்பவரின் இருமலும் நாற்காலி நகரும் சத்தமும்தான். திரையில் ஒரு களிமண் தலை வாயைத் திறக்கும்போது கேட்கிற அந்த ஈரச் சத்தம் களிமண்ணுடையது அல்ல. பிற்பாடு யாரோ உட்கார்ந்து, எதையோ பிசைந்து, எதையோ கடித்து, பொருந்துகிறதா என்று கேட்டுப் பார்த்து ஒட்டியது.

பிழைப்புக்கு ஒலித்தொகுப்பு செய்கிறேன். பெரும்பாலும் விளம்பரம், பயிற்சி வீடியோ, எப்போதாவது ஒரு குறும்படம். கதவு திறந்தால் கதவுச் சத்தம், நடந்தால் செருப்புச் சத்தம் வைப்பது வேலை. அதனால் படம் பார்க்க உட்கார்ந்தாலும் காதுதான் முதலில் வேலையைத் தொடங்கும். கனவு மாதிரி தர்க்கத்துக்கு அடங்காத சர்ரியல் அனிமேஷன் குறும்படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கனவு, ஆழ்மனம், ஃப்ராய்ட் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் இந்தப் படங்கள் வயிற்றைப் பிசைவதற்கும், பிசைந்த பிறகும் எழுந்து போகவிடாமல் பிடித்து வைப்பதற்கும் பாதிக்கு மேல் காரணம் ஒலிதான் என்பது என் கட்சி. சந்தேகம் இருந்தால் ஒரு காட்சியை ஹெட்போன் போட்டுப் பாருங்கள். அப்புறம் அதையே மியூட் போட்டுப் பாருங்கள். கீழே வருகிற படங்களை எல்லாம் நான் இந்த இரண்டு விதமாகவும்தான் பார்த்தேன்.

முதல் இடம் செக் நாட்டு யான் ஷ்வாங்க்மாயரின் 'டைமென்ஷன்ஸ் ஆஃப் டயலாக்' படத்துக்கு. 1982இல் வந்தது, 12 நிமிடம் சொச்சம். அதற்கடுத்த ஆண்டு பெர்லின் விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடி இதற்குக் கிடைத்தது. சொந்த நாட்டிலோ, இப்படியெல்லாம் எடுக்கக் கூடாது என்பதற்கு உதாரணமாக இதைக் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இரண்டையும் ஒரே படம் சம்பாதித்திருக்கிறது.

மூன்று பகுதிகள். முதல் பகுதியில் காய், பழம், இறைச்சி எல்லாம் சேர்ந்து உருவான ஒரு தலை பக்கவாட்டில் வருகிறது. 16ஆம் நூற்றாண்டில் ஆர்ச்சிம்போல்டோ காய்கனிகளை அடுக்கி மனித முகம் வரைந்தாரே, அதே பாணி. எதிரே கரண்டி, மூடி, பாத்திரம் என்று உலோகச் சாமான்களால் ஆன இன்னொரு தலை. பேசிக்கொள்ளப் போகின்றன என்று பார்த்தால், உலோகத் தலை வாயைப் பிளந்து காய்த் தலையை அப்படியே விழுங்குகிறது. உள்ளே போட்டு நறுக்கி, நசுக்கி, வெளியே கக்குகிறது. கக்கியது மறுபடி தலையாகிறது. அடுத்து புத்தகம், காகிதம், காம்பஸ் என்று எழுதுபொருள்களால் ஆன தலை வந்து உலோகத்தை விழுங்குகிறது. அடுத்தது காய்த் தலையின் முறை, அது காகிதத் தலையைத் தின்கிறது. ஒன்றையொன்று தின்று கக்கித் தின்று கக்கி, துண்டுகள் பொடிப்பொடியாகி, கடைசியில் வழுவழுப்பான மனிதத் தலைகள் மிஞ்சுகின்றன. அவையும் சும்மா இருப்பதில்லை. தங்களைப் போலவே இன்னொரு தலையைக் கக்கிக்கொண்டே இருக்கின்றன.

மியூட்டில் பார்த்தால் இது கெட்டிக்காரத்தனமான கைவேலை. எவ்வளவு பொறுமை என்று வியக்கலாம், சிரிக்கக்கூட செய்யலாம். சத்தத்தோடு பார்த்தால் பல் கூசுகிறது. எனக்குப் பிடிபட்ட விஷயம், ஷ்வாங்க்மாயர் சத்தத்தை வைக்கும் தூரம். ஒரு தலை இன்னொன்றை மெல்லுவதை நாம் எட்டி நின்று பார்க்கிறோம். ஆனால் மெல்லும் சத்தம் நம் வாய்க்குள் கேட்கிற மாதிரி இருக்கிறது. அறையின் எதிரொலி அதில் ஒட்டவே இல்லை. சாதாரணமாக எல்லாச் சத்தத்தையும் அளவு பார்த்துச் சேர்க்கும் மிக்ஸிங்கில் நாங்கள் இதைத் தவறு என்று திருத்துவோம். தூரத்தில் இருப்பது தூரத்தில் கேட்க வேண்டும் என்பது பாலபாடம். அவர் அதை மீறி, கண்ணை எட்ட நிறுத்திவிட்டுக் காதை மட்டும் தலைக்குள் இழுத்துக்கொண்டு போகிறார். குமட்டல் அங்கிருந்துதான் வருகிறது.

இரண்டாம் பகுதியைத்தான் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது. களிமண்ணால் ஆன ஓர் ஆணும் பெண்ணும் மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்திருக்கிறார்கள். தொடுகிறார்கள், முத்தமிடுகிறார்கள், இரண்டு உடலும் கரைந்து ஒரே களிமண்ணாகிக் குழைகிறது. பிரிந்து மறுபடி அவரவர் இடத்தில் உட்காரும்போது மேசைமேல் ஒரு சின்னக் களிமண் உருண்டை மிச்சம். யாருடையது என்று தெரியாது. அது மெல்ல அசைந்து அவளிடம் போகிறது, அவள் தள்ளிவிடுகிறாள். அவனிடம் போகிறது, அவனும் தள்ளிவிடுகிறான். கண் இல்லை, வாய் இல்லை, முகமே இல்லை. ஆனாலும் அது கெஞ்சுகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஒருவர் மேல் ஒருவர் அதை எறியத் தொடங்குகிறார்கள். எறிவது பிய்ப்பதாகி, கொஞ்ச நேரத்தில் இரண்டு முகங்களும் விரல்களால் பிராண்டிக் கிழிக்கப்பட்டு, மேசையில் சேறு மாதிரி கிடக்கின்றன.

இந்த உருண்டைக் காட்சிக்கு மட்டும் மியூட் சோதனை பலிக்கவில்லை. சத்தம் இல்லாமலேயே நெஞ்சைப் பிடிக்கிறது. அசைவிலேயே எல்லாம் இருக்கிறது: ஒரு அங்குலம் நகரும், நிற்கும், மறுபடி அரை அங்குலம். தயங்குகிற பிள்ளை அப்படித்தான் வரும்.

மூன்றாம் பகுதியில் இரண்டு கிழட்டுத் தலைகள். ஒன்றின் வாயிலிருந்து பல் துலக்கும் பிரஷ் வந்தால் மற்றதன் வாயிலிருந்து பேஸ்ட் வரும். ரொட்டிக்கு வெண்ணெய், ஷூவுக்குக் கயிறு, பென்சிலுக்கு ஷார்ப்னர். முதல் சுற்று அழகாகப் பொருந்துகிறது. அப்புறம் ஜோடி தப்புகிறது. பேஸ்ட் ஷூவில் போகிறது, ஷார்ப்னர் கிடைத்ததையெல்லாம் சீவுகிறது. வேகம் ஏறி ஏறி, இரண்டு தலைகளும் வெடிப்பு விட்டு மூச்சிரைத்துக் கிடக்கின்றன. அலுவலகக் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது.

1970களில் சில வருடங்கள் ஷ்வாங்க்மாயரைப் படம் எடுக்க விடவில்லை. அந்தக் காலத்தில் அவர் தொடுவதற்கென்றே பொருள்கள் செய்து, தொடு உணர்வைப் பற்றிப் பரிசோதனைகள் நடத்தினார். அதற்குப் பிறகு வந்த படங்களில் எதைப் பார்த்தாலும் விரல் நுனியில் உறைக்கிற மாதிரி இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. திரை வழியாகத் தொட முடியாது. தொடுவதற்கு மிக அருகில் வரக்கூடியது உரசல் சத்தம்தான். சொரசொரப்பு, பிசுபிசுப்பு, வழவழப்பு எல்லாவற்றையும் காது விரலுக்குச் சொல்லிவிடுகிறது.

அவருடையதே 'டார்க்னஸ்/லைட்/டார்க்னஸ்' (1989) இன்னும் சின்னது, 7 நிமிடம். ஒரு குட்டி அறை. கதவு தட்டப்படுகிறது. முதலில் ஒரு கை வருகிறது. அப்புறம் கண்கள், காதுகள், தலை, கால்கள் என்று உடலின் உறுப்புகள் ஒவ்வொன்றாக வந்து, கைகள் அவற்றைப் பொருத்த, ஒரு முழு மனிதன் உருவாகிறான். உருவானவனுக்கு அறை பத்தவில்லை. மடங்கி, கூரையில் தலை இடிக்க நெருக்கியடித்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிடுகிறான். வெளியே இருப்பது நமக்கு ஒரு தடவைகூடக் காட்டப்படுவதில்லை. தட்டும் சத்தம் மட்டும்தான் வெளியுலகம். எது வந்திருக்கிறது என்பதைக் கண்ணுக்கு முன் காது கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. சின்னப் படம், செலவில்லாத தந்திரம், அவ்வளவு கச்சிதம். இதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அமெரிக்காவில் பிறந்து லண்டனில் வேலை செய்த இரட்டையர்கள் க்வே சகோதரர்கள். ஷ்வாங்க்மாயர் பெயரிலேயே ஒரு படம் எடுத்தவர்கள். அவர்களுடைய 'ஸ்ட்ரீட் ஆஃப் க்ரோக்கடைல்ஸ்' (1986), போலந்து எழுத்தாளர் புரூனோ ஷுல்ஸின் கதையைத் தொட்டு எடுத்தது, 21 நிமிடம். ஒரு பழைய பார்க்கும் பெட்டிக்குள் ஒருவர் எச்சில் துப்ப, உள்ளே இயந்திரங்கள் உயிர்பெறுகின்றன. தூசு படிந்த கண்ணாடிகளுக்குப் பின்னால் ஒல்லியான பொம்மை மனிதன் ஒருவன் அலைகிறான். மரத்தில் இறுகியிருக்கும் திருகாணிகள் தாமாகவே சுழன்று கழன்று, எழுந்து, உருண்டு போகின்றன. மண்டை காலியான தையற்கடைப் பொம்மைகள் சூழ்ந்துகொள்கின்றன. நடுவில் பச்சை ஈரல் துண்டு ஒன்று வேறு. அத்தனை தூசுக்கும் துருவுக்கும் இடையில் அந்த ஈரம் பளபளக்கும்போது சட்டென்று உடல் கூசும்.

இவர்கள் பெரும்பாலும் இசையை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு அதற்கு ஏற்றபடி பொம்மையை அசைப்பவர்கள். இந்தப் படத்துக்கு லெக் யான்கோவ்ஸ்கி இசை. அதனால் மியூட்டில் பார்த்தால் என்ன நடக்கும் என்று ஆவலாக இருந்தேன். படம் செத்துவிடுகிறது. காமெரா ஏன் அங்கே திரும்புகிறது, ஏன் இங்கே நிற்கிறது என்பதற்கு ஒரு காரணமும் தெரியாமல் போகிறது. ஒலியோடு பார்த்தால் வயலின் இழுப்புக்கும் திருகாணிச் சுழற்சிக்கும் நடுவே ஒரு கணக்கு ஓடுவது புரிகிறது. ஆனாலும் சொல்கிறேன், இது எல்லாருக்கும் ஆகாது. முதல் 10 நிமிடத்துக்குள் தூக்கம் வந்தால் உங்கள் மேல் தப்பில்லை. எனக்கே பாதிக்கு மேல்தான் பிடி கிடைத்தது.

அடுத்தது 'டாங்கோ'. போலந்துக்காரர் ஸ்பிக்னியெவ் ரிப்சின்ஸ்கி எடுத்தது, 8 நிமிடம், 1983இல் ஆஸ்கார் வாங்கியது. பயமுறுத்தும் பொருள் ஒன்றுகூட இதில் கிடையாது. பூதம் இல்லை, பிண்டம் இல்லை. ஒரு அறை, கதவுகள், ஜன்னல், கட்டில், மேசை, அலமாரி. ஜன்னல் வழியாக ஒரு பந்து உள்ளே விழுகிறது. ஒரு பையன் ஏறி வந்து எடுத்துக்கொண்டு போகிறான். மறுபடி பந்து விழுகிறது, மறுபடி வருகிறான். இதற்குள் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து பாலூட்டிவிட்டுப் போகிறாள். அவளும் திரும்ப வருகிறாள். ஒருவன் அலமாரி மேல் பொட்டலம் வைக்கிறான், திருடன் ஜன்னல் வழியாக வந்து அதை எடுத்துக்கொண்டு ஓடுகிறான், மறுபடி ஒருவன் பொட்டலம் வைக்கிறான். விளக்கு மாட்ட ஏறுகிறவன் ஒவ்வொரு தடவையும் விழுகிறான். கட்டிலில் ஒரு ஜோடி. உடை மாற்றும் பெண். இப்படி ஒவ்வொருவராகச் சேர்ந்து 36 பேர் அந்தச் சின்ன அறைக்குள் அவரவர் வேலையை முடிவில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். ஒருவர் மேலும் ஒருவர் இடிப்பதில்லை. ஒருவரையும் ஒருவர் பார்ப்பதில்லை.

இது கம்ப்யூட்டரில் செய்ததல்ல. ஒவ்வொருவரையும் தனியாகப் படம் பிடித்து, ஆளைத் தவிர மற்றதை மறைக்கும் செல் மாஸ்க் வரைந்து, ஒரு ஃபிலிமிலிருந்து இன்னொரு ஃபிலிமுக்குப் படத்தை மாற்றும் ஆப்டிகல் பிரின்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தது. மாஸ்க்குகள் மட்டும் 16,000 அளவில். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் லூப் போட்டு வேலை செய்பவர்களுக்கு இது எப்படிப்பட்ட பைத்தியக்காரத்தனம் என்பது தெரியும். ஒவ்வொரு ஆளின் சுற்றும் ஒவ்வொரு நீளம் என்றால் நாலாவது சுற்றிலேயே இடித்துக்கொள்ளும். எல்லாம் ஒரே நீளம் என்றால் பொம்மலாட்டம் மாதிரி ஆகிவிடும். அவர் நுழையும் நேரத்தையும் நடக்கும் தடத்தையும் வைத்தே தப்பிக்கிறார்.

ஒலியும் அதே விதிப்படி போகிறது. பந்து துள்ளும் சத்தம், காலடி, கதவு என்று ஒவ்வொரு ஆளும் தன் சத்தத்தைக் கூடவே கொண்டு வருகிறார். பின்னால் ஓர் இசை நிதானமாக ஓடுகிறது. ஆள் கூடக்கூடச் சத்தம் அடர்த்தியாகி, எந்தச் சத்தம் யாருடையது என்று பிரிக்க முடியாத நிலைக்குப் போய், பிறகு ஒவ்வொருவராகக் குறையும்போது காதுக்கும் தெளிகிறது. கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது நான் பையனின் பந்தைக் காதால் தேட முயன்றேன். அகப்படவில்லை. அப்போது வந்த பதற்றம் கண்ணுக்கு வந்ததில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் வேடிக்கைப் படம். உட்கார்ந்து கேட்டால் மூச்சு முட்டுகிறது. இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

டான் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் குச்சி மனிதர்கள் வரைபவர். கோடு, வட்டம், இரண்டு புள்ளிக் கண்கள், அவ்வளவுதான். 'ரிஜெக்டட்' (2000) படத்தில் ஒரு டிவி சானலுக்காக அவர் வரைந்து நிராகரிக்கப்பட்ட சின்னச் சின்ன விளம்பரங்கள் வரிசையாக வருகின்றன. அந்த சானலும் நிராகரிப்பும் கற்பனை. ஆரம்பத்தில் சிரிப்பு. போகப்போக வரைகிறவருக்கே மனம் பிசகுகிறது. கடைசியில் காகிதம் கசங்கி, கிழிந்து, குட்டி உருவங்கள் தங்கள் காகித உலகத்துக்குள் அலறிக்கொண்டு ஓடுகின்றன. காகிதம் கசங்குவது தினம் நாம் கேட்கும் சத்தம். அது யாருடைய வானமோ இடிந்து விழும் சத்தமாகக் கேட்பது இங்கே மட்டும்தான்.

ஆனால் அவருடைய பெரிய சாதனை 'வேர்ல்ட் ஆஃப் டுமாரோ' (2015), 17 நிமிடத்துக்குள் முடிகிறது. எமிலி என்ற சிறுமியிடம், 227 வருடம் தள்ளி எதிர்காலத்திலிருந்து அவளுடைய குளோன் பேசுகிறது. நினைவுகளைக் காட்டுகிறது, காதலைச் சொல்கிறது, உலகம் எப்படி முடியப்போகிறது என்று சொல்கிறது. எல்லாம் ஒரே தட்டையான குரலில். அதற்கு ஜூலியா பாட் குரல் கொடுத்திருக்கிறார். சிறுமியின் குரல் ஹெர்ட்ஸ்ஃபெல்டின் உடன்பிறந்தவரின் மகளுடையது. அப்போது அவளுக்கு 4 வயது. வசனம் சொல்லிக்கொடுத்துப் பேசவைத்ததல்ல. அவள் வரைந்துகொண்டும் விளையாடிக்கொண்டும் இருக்கும்போது பதிவு செய்து, கிடைத்ததைப் பொறுக்கி, அதைச் சுற்றிப் படத்தைக் கட்டியிருக்கிறார்.

குழந்தைகளை டப்பிங் பேசவைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். எழுதிக் கொடுத்த வசனத்தைச் சொல்லும் குழந்தை ஒரு வார்த்தை முடிந்ததும் சரியாகச் சொன்னோமா என்று நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வை குரலில் கேட்கும். எவ்வளவு வெட்டினாலும் போகாது. இந்தச் சிறுமியின் குரலில் அது சுத்தமாக இல்லை. எதிரே மனித குலத்தின் முடிவைப் பற்றி ஒரு குரல் பேசிக்கொண்டிருக்க, இவள் தன் பாட்டுக்கு வேறெதையோ பார்த்து மகிழ்ந்துகொண்டிருக்கிறாள். ஒரு டிராக் முழுக்க உயிர், இன்னொரு டிராக் முழுக்க அது வற்றிப்போன நிலை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததைத் தவிர அவர் வேறெதுவும் செய்யவில்லை என்றே சொல்லலாம். எனக்கு முதுகு சிலிர்த்தது அங்கேதான்.

இந்த இடத்தில் ஒரு கோட்பாட்டை இழுக்க வேண்டியிருக்கிறது. ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970இல் சொன்னது: ஒரு பொம்மை மனிதனைப் போல ஆக ஆக நமக்குப் பிடிக்கும், ஆனால் கிட்டத்தட்ட மனிதன் என்ற இடத்துக்கு வந்ததும் திடீரென்று அருவருப்பு வந்துவிடும், அது அசைந்தால் இன்னும் மோசம். அனிமேஷன் பற்றிப் பேசும் எல்லாரும் இதைத்தான் எடுத்துப் போடுவார்கள். ஆனால் மேலே சொன்ன எதுவும் அந்தக் கிட்டத்தட்ட மனிதனில் சேராது. கரண்டித் தலைக்கும் மனிதனுக்கும் வெகுதூரம். திருகாணிக்கு முகமே இல்லை. குச்சி மனிதனைப் பார்த்து யாரும் ஏமாறமாட்டார்கள். அதெல்லாம் ஏன் உறுத்துகிறது என்பதற்கு மோரியிடம் பதில் இருப்பதாகத் தெரியவில்லை.

அவர் சொன்னதற்கு அச்சாகப் பொருந்துவது 'மேடம் டுட்லி-புட்லி' (2007). கனடா தேசியத் திரைப்பட வாரியத்துக்காக கிறிஸ் லாவிஸ், மாசெக் ஷெர்போவ்ஸ்கி இருவரும் எடுத்தது. மூட்டை முடிச்சுகளோடு ஒரு பெண் இரவு ரயிலில் போகிறாள். அவள் பொம்மை. கண்கள் மட்டும் நிஜ மனிதக் கண்கள். நடிகரின் கண்ணைத் தனியாகப் படம் பிடித்து ஒவ்வொரு ஃப்ரேமிலும் பொம்மை முகத்தில் பொருத்தியிருக்கிறார்கள். மியூட்டிலும் அது உறுத்துகிறது, சத்தத்திலும் உறுத்துகிறது. என் கட்சிக்கு இந்தப் படம் ஒத்துழைக்கவில்லை. கதை கடைசியில் எங்கோ நழுவிவிடுகிறது என்பது என் குறை. அந்தக் கண்களுக்காகப் பார்க்கலாம்.

அதே வாரியத்தின் 'ராயன்' (2004) வேறு ஜாதி. ராயன் லார்கின் 1960களில் எடுத்த 'வாக்கிங்' என்ற குறும்படத்துக்காக ஆஸ்கார் பரிந்துரை வரை போன அனிமேஷன் கலைஞர். பிற்பாடு மான்ட்ரியல் தெருவில் சில்லறை கேட்டுக்கொண்டு, ஆதரவு இல்லத்தில் தங்கியிருந்தார். அவரை உட்கார வைத்துப் பேசிப் பதிவு செய்த கிறிஸ் லாண்ட்ரெத், அந்த உண்மையான குரலை வைத்துக்கொண்டு உருவத்தை மட்டும் கணினியில் செய்தார். லார்கினின் முகத்தில் பெரும்பகுதி இல்லை. எலும்பு, நரம்பு மாதிரி ஏதோ சில இழைகள் மிச்சத்தைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. உள்ளே இருக்கும் சேதத்தை முகத்திலேயே காட்டிவிடுவது லாண்ட்ரெத்தின் வழி. குடியை விடுங்கள் என்று அவர் பேச்செடுத்ததும் லார்கினின் தலையிலிருந்து முட்கள் கிளம்புகின்றன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இது வெறும் நேர்காணல்: கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் கோபம், மேசையில் கைபடும் சத்தம். கண்ணைத் திறந்தால் அந்தச் சாதாரணக் குரல் அந்த உடைந்த முகத்திலிருந்து வருகிறது. 2005இல் இதற்கு ஆஸ்கார் கிடைத்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் நாளில் இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு வேறொன்றைப் போட்டால் காதில் ஏறாது.

நார்மன் மெக்லாரனின் 'நெய்பர்ஸ்' (1952) பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் தொழிலுக்குத் துரோகம். நிஜ மனிதர்களையே பொம்மை மாதிரி ஃப்ரேம் ஃப்ரேமாக அசைத்து எடுத்தது. இரண்டு அண்டைவீட்டுக்காரர்கள் ஒரு பூவுக்காக அடித்துக்கொண்டு சாகிறார்கள். அதன் ஒலியில் பெரும்பகுதி எந்தக் கருவியும் வாசித்ததல்ல. ஃபிலிமின் ஓரத்தில் ஒலிக்கென்று இருக்கும் பகுதியில் கோடுகளைப் பதித்து, ப்ரொஜெக்டர் அதையே சத்தமாக வாசிக்கும்படி செய்திருக்கிறார். கோட்டில் பிறந்த சத்தம். பீப், டுர்ர் என்று விளையாட்டுத்தனமாகவே ஒலிக்கும், கொலை நடக்கும்போதும் அப்படியே ஒலிக்கும். இதற்கு ஆவணப்பட வகையில் ஆஸ்கார் கொடுத்தார்கள் என்பது தனி வேடிக்கை.

இணையத்தில் வளர்ந்தவற்றில் டேவிட் ஃபர்த்தின் 'சாலட் ஃபிங்கர்ஸ்' (2004 முதல்) எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை. பச்சை நிற உருவம், துருப்பிடித்த ஸ்பூனைத் தடவிச் சுகம் காண்பது, குழைந்த குரல். போர்ட்ஸ் ஆஃப் கனடா என்ற இசைக் குழுவின் இசைத் துண்டு இல்லாவிட்டால் பாதி மருட்சி அங்கேயே கழன்றுவிடும். ராபர்ட் மோர்கனின் 'பாபி யா' (2011) கைவேலையில் அபாரம். சதை, ரோமம், சிவப்புப் பொத்தான், அழுத்தக்கூடாத பொத்தானை அழுத்தும் ஒரு திருட்டுப் பயல். ஆனால் 20 நிமிடத்துக்கு மேல் விடாமல் ஈரச் சத்தம் போட்டால் காது பழகிவிடுகிறது. பாதியில் நான் படத்தை விட்டுவிட்டு, இந்தச் சத்தத்தை எதை வைத்துச் செய்திருப்பார்கள் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். பயமுறுத்த வந்த படத்துக்கு அது நல்லதில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவில் முகம் உருகி நாயாகி, நாய் உருகிச் சோபாவாகும் துணுக்குகள் நிறைய வருகின்றன. சர்ரியல் என்று பெயர் போட்டுப் பகிர்கிறார்கள். எனக்கு அவை உறுத்துவதே இல்லை. எதுவும் எதுவாகவும் மாறலாம் என்றால் எதிர்பார்க்க ஒன்றும் இல்லை, ஏமாற ஒன்றும் இல்லை. ஷ்வாங்க்மாயரின் தலைகளுக்கு யார் யாரைத் தின்னலாம் என்ற வரிசை உண்டு. 'டாங்கோ'வில் ஒருவர் தன் தடத்தை விட்டு ஒரு அடிகூட விலகமாட்டார். அந்தக் கறார்தான் கழுத்தைப் பிடிக்கிறது. அந்தத் துணுக்குகளின் கீழே ஓடும் ஒலியும் பெரும்பாலும் எங்கிருந்தோ எடுத்துப் போட்ட ஒரு முனகல் இசைதான். உருகுகிற சோபாவுக்கென்று யாரும் ஒரு சத்தத்தைத் தேடி உட்கார்ந்த மாதிரி தெரியவில்லை.

பார்க்க நினைப்பவர்களுக்கு: 'நெய்பர்ஸ்', 'மேடம் டுட்லி-புட்லி', 'ராயன்' மூன்றும் கனடா வாரியத்தின் தளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. போன் ஸ்பீக்கரில் பார்க்காதீர்கள். அடிநாதம் முழுக்கப் போய்விடும், ஷ்வாங்க்மாயர் வெறும் கார்ட்டூன் ஆகிவிடுவார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பார்ப்பதும் வீண். இரண்டு படம், நடுவில் ஒரு நடை, அப்புறம் இன்னொன்று.

குழந்தைகள் வீட்டில் இருந்தால் ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். பெக்கி ஸ்லோன், ஜோ பெல்லிங் இருவரும் 2011இல் தொடங்கிய 'டோன்ட் ஹக் மீ ஐயாம் ஸ்கேர்ட்' தொடரின் முகப்புப் படத்தைப் பார்த்தால் சாட்சாத் பிள்ளைகள் நிகழ்ச்சி. துணிப் பொம்மைகள், பாடும் நோட்டுப் புத்தகம், துள்ளலான மெட்டு. முதல் பாதி வரைக்கும் பக்கத்து அறையில் இருப்பவருக்கு ஒரு சந்தேகமும் வராது. பாட்டு நின்று இசை கோணும்போது நீங்கள் ஓடிவருவதற்குள், மேசையில் கேக்குக்குப் பதிலாக இருப்பதைப் பிள்ளை பார்த்துவிட்டிருக்கும்.